மார்த்தாண்டம் தேன், முட்டம் மீன், நடுவில் ஒரு தைப்பூசம்

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு – முட்டம்

கல்யாணத்துக்கு வந்தவள் கல்யாணச் சாப்பாட்டோடு கிளம்பியிருக்க வேண்டும். மைனி (அண்ணி) விடவில்லை. "ரிட்டயர்டு ஆயாச்சு, மதுரையில போயி என்ன செய்யப் போறீங்க மைனி? நாலு நாள் நில்லுங்க" என்றாள். எனக்கும் ஒரு சாக்கு இருந்தது. 2025ஐ ஐ.நா. சபை சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்திருக்கிறது. 2012க்கு அப்புறம் இது இரண்டாவது தடவை. அதையொட்டி அடுத்த மாதம் எங்கள் ஊரில் ஒரு கூட்டம். 'ஊரகக் கூட்டுறவுச் சங்கங்களின் சமூகப் பொறுப்பு' என்று என் தலையில் ஒரு தலைப்பைக் கட்டியிருந்தார்கள். 31 வருஷம் ஒரு கூட்டுறவு வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவள் என்பதுதான் என் தகுதி. கவுண்டருக்கு முன்னால் எப்படியிருக்கும் என்று அந்த 31 வருஷத்தில் எட்டிப் பார்த்ததில்லை.

சரி, மீனவர் சங்கத்தில் ஆரம்பிக்கலாம், கடற்கரையில் ஏலம் பார்க்கலாம் என்று காலையிலேயே கிளம்பினேன். மார்த்தாண்டத்திலிருந்து குளச்சல், அங்கே மாறி முட்டம். பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, உட்கார இடமும் இல்லை. இறங்கிப் பார்த்தால் வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏற்றி வரிசையாகக் கிடக்கின்றன. இரண்டு வள்ளங்களுக்கு நடுவில் ஸ்டம்ப் நட்டு பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாகக் கூட்டம் கிறிஸ்தவக் கோயிலிலிருந்து வெளியே வருகிறது.

"ஏலமா? இன்னிக்கு ஞாயிறுல்லா" என்றார் சாயாக்கடைக்காரர், நான் ஏதோ தீபாவளியன்று பட்டாசுக்கடை எங்கே என்று கேட்டதுபோல. இந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள் என்பது குமரி மாவட்டத்துக் குழந்தைக்கும் தெரியும். மைனிக்கும் தெரியும். நான் எங்கே போகிறேன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சாயா 12 ரூபாய். கடைக்காரர் பாவப்பட்டு ஒரு ரசவடையைக் காசு வாங்காமல் கொடுத்தார். அறுபதைத் தாண்டியவர், முன்பு கடலுக்குப் போனவர். சங்கம் வருமுன் எப்படி என்று கேட்டேன். "தரகனுக்க கிட்ட கடன் வாங்கி வலை எடுக்கணும். அப்பம் மீன் எனக்க மீன் இல்ல கேட்டியளா, அவனுக்க மீன். அவன் சொல்லுதது வெலை." எழுபதுகளில் கோட்டாறு மறைமாவட்டத்துச் சமூக சேவைச் சங்கத்தின் முயற்சியில் இந்தக் கரையில் மீனவர் சங்கங்கள் முளைத்தன. கடனை சங்கம் கொடுக்கும், ஏலத்தையும் சங்கமே போடும், விற்ற பணத்தில் கொஞ்சம் கடனுக்கு, கொஞ்சம் சேமிப்புக்கு என்று பிடித்துக்கொள்ளும். கடன் கொடுப்பதோடு நின்ற எத்தனையோ சங்கங்கள் மூழ்கிப்போனதற்கும் இது மிதப்பதற்கும் காரணம் அந்த ஏலம்தான் என்று நினைக்கிறேன். மீன் விற்றால்தான் தவணை; மீன் இல்லாத நாளில் யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை. ஊர்ச் சங்கம், மாவட்ட சம்மேளனம், அதற்கு மேல் 1980இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு என்று மூன்று அடுக்கு. கட்டுமரத்துக்கு மரம் அரிதாகிக்கொண்டிருந்த காலத்தில் ஒட்டுப்பலகைப் படகு கட்டிக் காட்டிய பியேர் ஜில்லே என்ற வெள்ளைக்காரரும் இதே முட்டத்தில்தான் பட்டறை போட்டிருந்தார்.

மதியம் சம்பா அரிசிச் சோறு, மீன் குழம்பு, 120 ரூபாய். "நேத்துப் பிடிச்சது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் பரிமாறினார்கள். கலங்கரை விளக்கத்துப் பாறையில் ஒரு மணி நேரம் காற்று வாங்கிவிட்டுத் திரும்பினேன். பகல் முழுக்க வீண், ஆனால் அந்த 'நேத்துப் பிடிச்சது' மட்டும் மனசில் நின்றது.

பிப்ரவரி 10, திங்கள் – திருவட்டாறு பக்கம்

அண்ணன் (மைனியின் வீட்டுக்காரர்) ஸ்கூட்டரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டார். அவருக்குத் தெரிந்த தேன்காரர் ஒருவர் அங்கே பெட்டி வைத்திருக்கிறார். ரப்பர் மரம் இலை உதிர்த்து முடித்து, செம்புக் காசு நிறத்தில் தளிர் விட்டிருந்தது. பால்வெட்டுக்கு ஓய்வு என்பதால் சிரட்டைகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். காலை எட்டு மணிக்கே வியர்த்தது.

நான் ரப்பர் பூவிலிருந்து தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தேன்காரர் ஒரு தளிரை வளைத்துக் காட்டினார். மூன்று இலைகள் காம்பில் சேருகிற இடத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பளபளப்பு. தொட்டு நாக்கில் வைத்தால் இனிப்பு. பூவே வேண்டாம், இலைக்காம்பே தேன் சுரக்கிறது. தை மாசிதான் அதற்குக் காலம். அதற்காகத்தான் குமரி மாவட்டத்துத் தேன்காரர்கள் லாரியில் பெட்டிகளை ஏற்றி, கேரளத்துத் தோட்டங்கள்வரை போகிறார்கள். தோட்டக்காரருக்கு வாடகையாக ஒரு குப்பித் தேன்.

பெட்டியைத் திறந்தார். கையுறை இல்லை, முகவலை இல்லை. வாயால் ஒரு ஊது, தேங்காய் நாரில் கொஞ்சம் புகை. சட்டத்தை உருவி வெயிலுக்கு எதிரே பிடித்தபோது மேல் பாதியில் மெழுகால் மூடிய அடை, கீழ்ப் பாதியில் மூடாதது. "முக்கால்வாசி மூடணும். அதுக்கு முன்ன எடுத்தா தண்ணி ஜாஸ்தி, புளிச்சுப் போவும்." அவர் ஒரு விரலால் ஈக்களைப் பைய ஒதுக்கியது, தூங்குகிற குழந்தையின் நெற்றியில் முடியை ஒதுக்குவதுபோல் இருந்தது. நான் இன்னும் கொஞ்சம் கிட்டே போனேன். இடது காது மடலில் ஒன்று வாங்கினேன்.

"தடவாதீங்க, நகத்தால கீறி எடுங்க" என்று கொடுக்கை அவரே எடுத்துவிட்டார். "உங்களுக்குத் தலையில மல்லிப்பூ. அதான்."

காது வீங்க வீங்க, ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து கதை கேட்டேன். மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பு தற்செயலாக வந்ததில்லை. 1920களில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் சார்பில் இங்கே கிராம மறுசீரமைப்பு மையம் நடத்தினார். கோழி முட்டையையும் தேனையும் ஆளுக்கொரு பக்கம் விற்காமல் கூட்டாக விற்கப் பழக்கியது அந்த மையம். 1937இல் மார்த்தாண்டம் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. இன்று மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

இதெல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன். கூட்டத்தில் பேச உதவும். ஆனால் தேன்காரர் இதைச் சொல்லும்போது ஒரு சுவாரஸ்யமும் இல்லாமல் சொன்னார். அவருக்குச் சொல்ல வேண்டியது வேறு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த பைப்புழு நோய். தாய் (Thai) சாக்புரூட் என்ற வைரஸ். புழு கூட்டுப்புழுவாக மாறாமல், தோலுக்குள்ளேயே தண்ணீராகி, ஒரு சின்னப் பைபோல் ஆகிவிடும். தென்னிந்தியா முழுக்க இந்தியத் தேனீயை வாரிக்கொண்டு போன நோய் அது. "எனக்க அப்பாவுக்கு நூறு பெட்டி. ஒரு மழைக்காலம் கழிஞ்சு தொறந்தா மூணு பெட்டியில ஈ இருக்கு. பக்கத்துல ஒருத்தருக்கு அதுவும் இல்ல."

அப்புறம்?

"மூணை ஆறாப் பிரிச்சோம். ஒண்ணை அப்பா பக்கத்துக்காரருக்குக் குடுத்தாரு. எனக்க அம்மைக்கு நல்ல கோவம். அப்பா சொன்னாரு, சங்கத்துக்குத் தேன் வரலேன்னா சங்கம் இல்ல, சங்கம் இல்லேன்னா நம்ம பெட்டித் தேனை எவன் வாங்குவான்னு."

தர்மம் என்று அவர் சொல்லவில்லை. கணக்கு என்றுதான் சொன்னார். வங்கியில் இருந்த எனக்கு அந்தக் கணக்கு நன்றாகவே புரிந்தது.

இன்னொன்றும் சொன்னார். ஆனி ஆடி மழையில் ஈக்குத் தீனி இருக்காது, சீனிப்பாகு கொடுத்துத்தான் காப்பாற்ற வேண்டும். அந்தப் பாகில் மிச்சம் மீதி அடையில் இருந்தால் பருவம் தொடங்குமுன் எடுத்துவிட வேண்டும், தேனோடு கலந்துவிடக் கூடாது. "கலந்தா ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியும்லா" என்று சிரித்தார். கூடவே, "கண்டுபிடிச்சா எனக்க பேரு மட்டும் போவாது. மார்த்தாண்டம்ன்னு எழுதுன குப்பி எல்லாம் போவும்" என்றார்.

1844இல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 28 பேர், நெசவாளிகளும் வேறு தொழிலாளிகளும், ஒரு சின்னக் கடை திறந்தார்கள். கூட்டுறவுப் பாடப் புத்தகம் எல்லாம் அங்கேதான் தொடங்கும். அவர்கள் ஊருக்குச் செய்த பெரிய உபகாரம் என்ன? கலப்படமில்லாத மாவும் சரியான எடையும். பயிற்சி வகுப்பில் இதை எத்தனை தடவை ஒப்பித்திருப்பேன்! காதில் கொட்டு வாங்கிய பிறகுதான் அது என்னவென்று மண்டையில் ஏறியது.

தேன் ஒரு கிலோ 400 ரூபாய் என்று வாங்கினேன். மைனி வீட்டில் ராத்திரி மரச்சீனிக்கிழங்கும் சாளைக் குழம்பும். காதைப் பார்த்து மைனியின் பேரன் ஒரு மணி நேரம் சிரித்தான். சுண்ணாம்பு தடவியும் பலனில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய் – தைப்பூசம்

அதிகாலை ஐந்தே முக்கால். மைனியின் தெருமுனையிலேயே பால் சங்கம். ஓடு போட்ட ஒரு அறை, ஒரு மேசை, தராசு, பால் சோதனை மெஷின், இரண்டு அலுமினிய கேன். முருகன் பாட்டு ஸ்பீக்கரில் அலறுகிறது, வேளிமலை குமாரகோவிலுக்குப் போகிற கூட்டம் பேருந்துக்கு நிற்கிறது. பால் சங்கத்துக்கு மட்டும் தைப்பூசம் கிடையாது. மாடு லீவு எடுக்காதே.

வரிசையில் ஒவ்வொருவர் தூக்குவாளியிலிருந்தும் சின்னக் கரண்டியில் சாம்பிள் எடுத்து மெஷினில் வைக்கிறார் செயலாளர். கொழுப்பு எவ்வளவு, இதர சத்து எவ்வளவு என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. அவர் சத்தமாகப் படிக்கிறார். "நாலு பாயிண்ட் ஒண்ணு." வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கிறது. ஏன் சத்தமாக என்று கேட்டேன். "மெல்லப் படிச்சா நான் எழுதுததை நம்புவாங்களா?" என்றார். ஒருவருக்கு எண் குறைந்தது. அவர் மாட்டை மழையில் விட்டதாகவும், புண்ணாக்கு விலை ஏறியதாகவும், மெஷின் கெட்டுப்போனதாகவும் வரிசையாகக் காரணம் சொன்னார். பின்னால் நின்ற பெண், "பம்பு செட்டு நல்லா ஓடுது போல" என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. தண்ணீர் கலப்பைத் தடுக்க அந்தச் சிரிப்பை விடப் பெரிய தண்டனை எந்தச் சட்டத்திலும் இல்லை.

ஏழு மணிக்கு வண்டி வந்தது. கேன் ஏற வேண்டும். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். செயலாளர் இரண்டாவது கேனின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்க்கிறார். இரண்டு நிமிஷம். மூன்று நிமிஷம். டிரைவர் இறங்கி வந்து ஏதோ சொல்ல, இவர் "நிக்கட்டும்" என்கிறார். ஏழு ஐந்துக்கு ஒரு பாட்டி, சேலை முந்தானையால் மூடிய சொம்போடு, வேகமாக நடப்பதாக நினைத்துக்கொண்டு வந்தார். 700 மில்லி. சோதனை, எழுத்து, மூடி, வண்டி.

நான் வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டேன். "700 மில்லிக்காக வண்டியை நிறுத்துவீங்களா?" என்றேன்.

"அந்த மாடு ஒண்ணுதான் அவங்களுக்கு" என்றார். அப்புறம் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "இன்னிக்கு நிறுத்தலேன்னா நாளைக்கு ஹோட்டல்காரனுக்குக் குடுப்பாங்க. அவன் திருவிழாச் சீசன்ல வாங்குவான், ஆனியில வேண்டாம்ம்பான்" என்று சேர்த்துக்கொண்டார். இங்கேயும் பாசமும் கணக்கும் ஒரே கேனில்தான். சாம்பிள் எடுத்து மிஞ்சிய பாலில் எனக்கும் ஒரு சாயா போட்டுக் கொடுத்தார்கள்.

பத்து மணிக்கு அடுத்த ஊர் வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்துக்குப் போனேன். பூட்டு. தைப்பூசம் அரசு விடுமுறை என்பதை, காலையில் அத்தனை காவடியைப் பார்த்த பிறகும் நான் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏலம் தேடினவள் வேறு எப்படி இருப்பாள்? வெளியே பலகையில் பயிர்க்கடன், நகைக்கடன், உரம், இ-சேவை என்று வரிசையாக எழுதியிருந்தது. பக்கத்திலேயே சங்கம் நடத்தும் ரேஷன் கடை, அதுவும் பூட்டு. உரத்துக்கு வந்து ஏமாந்த இன்னொருவரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் மட்டிப்பழம் தின்றுகொண்டே பேசினோம். விரல் நீளம், மணம் மட்டும் வீடு முழுக்க. அதற்கும் புவிசார் குறியீடு உண்டு.

2021இல் ஐந்து பவுனுக்கு உட்பட்ட கூட்டுறவு நகைக்கடன்கள் தள்ளுபடியானதே, அதில் உங்களுக்குக் கிடைத்ததா என்று கேட்டேன். அவர் மனைவியின் நகை ஐந்தரைப் பவுன். "கம்மலைக் கழற்றாம வச்சிருந்தா கெடச்சிருக்கும்" என்றார். போலி நகை வைத்தவர்களும் ஒரே ஆளாகப் பல சங்கங்களில் அடகு வைத்தவர்களும் அப்போது செய்தியில் வந்தார்கள். அரைப் பவுன் கூடிப்போன இவர் எந்தச் செய்தியிலும் வரவில்லை. அவருக்குச் சங்கத்தின் மேல் கோபம் இல்லை. "அவங்க ரூல் அது. ஆனா உரம் வந்தா போன் அடிக்கலாம்லா? மூணு தடவ வந்துட்டுப் போறேன்" என்பதுதான் குறை.

எனக்குச் சுருக்கென்றது. நான் வேலை பார்த்த இடத்தில் வருஷக் கடைசியில் பொதுநல நிதியிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு கொடுப்போம். பேனர், மாலை, போட்டோ எல்லாம் உண்டு. ஒரு வருஷம் அதே மாதத்தில் பயிர்க்கடன் விண்ணப்பங்கள் ஒரு கையெழுத்துக்காக அலமாரியில் ஐந்து வாரம் கிடந்தன. நாற்று முற்றிப்போகிறதென்று வட்டிக்கடைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். அலமாரிச் சாவி என்னிடம்தான் இருந்தது. கேட்டு வாங்கியிருக்கலாம், மேசையில் எடுத்து வைத்திருக்கலாம். கூட்டுறவின் ஏழாவது கொள்கை சமூகத்தின் மேல் அக்கறை என்று 1995இல் மான்செஸ்டரில் நடந்த உலகக் கூட்டுறவு மாநாட்டில் சேர்த்தார்கள். அதை வழவழத் தாளில் அச்சடித்து, அந்த அலமாரிக் கதவில்தான் ஒட்டியிருந்தோம்.

சாயங்காலம் பையைத் திறந்தால் தேன் குப்பி மூடி லூஸ். இரண்டு சேலை, ஒரு நோட்டு, எறும்புக்குத் திருவிழா. நோட்டில் ஹேட்ச் பக்கம் மட்டும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது.

பிப்ரவரி 12, புதன் – மறுபடி முட்டம்

அண்ணன் நாலரைக்கே எழுப்பி ஸ்கூட்டரில் கொண்டுவந்தார். வழியெல்லாம் குளிர், கடற்கரையில் பிசுபிசு. இன்றைக்கு வள்ளங்கள் கடலில், கரையில் ஜனம். சாயாக்கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டு, "இன்னிக்கு புதன்ல்லா, தைரியமா நில்லுங்க" என்றார்.

ஆறரைக்கு முதல் வள்ளம் அலையில் ஏறி மணலில் மோதியது. கணவாய். சங்கத்து விற்பனைக்காரர் இளைஞர், காதில் பேனா, கையில் நீள நோட்டு. குவியலைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர், வியாபாரிகளும் தலைச்சுமைக்கு வாங்கும் பெண்களும். ஆயிரத்தில் ஆரம்பித்து, ஆயிரத்து ஐம்பது, ஆயிரத்து நூறு என்று மூச்சு விடாமல் ஓடுகிறது குரல். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. யார் வாங்கினார் என்றே எனக்குத் தெரியவில்லை. ஒருவர் தலையை லேசாக அசைத்திருக்கிறார். வள்ளக்காரர் பணத்தை எண்ணவில்லை. நோட்டில் எழுதியதை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வலையைக் கழுவப் போனார். வாங்கினவர் பிறகு கொடுப்பார், கொடுக்காவிட்டால் அது சங்கத்தின் பாடு. முன்பெல்லாம் அந்தப் பாடு வள்ளக்காரருடையது.

குவியல் போவதற்கு முன்பே கறிக்கென்று வள்ளத்தில் போனவர்கள் ஒரு பிடி எடுத்துக்கொள்கிறார்கள். ஓரமாக ஒரு கிழவர் பிளாஸ்டிக் பையோடு நின்றார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. மூன்று வள்ளக்காரர்களும் போகிற போக்கில் பையில் ஒன்றிரண்டு போட்டார்கள். பேச்சில்லை, முகம் பார்க்கவும் இல்லை. ஒக்கிப் புயலில் மகனைக் கொடுத்தவர் என்று சாயாக்கடைக்காரர் பிறகு சொன்னார். 2017 நவம்பர் கடைசி. இந்த மாவட்டத்துக் கரையில் அந்தத் தேதியை யாரும் காலண்டரைப் பார்த்துச் சொல்வதில்லை.

ஒரு சின்னச் சண்டையும் நடந்தது. தலைச்சுமைக்கார அம்மா ஒருவர் முந்தா நாள் பாக்கியைக் கட்டாமல் ஏலத்தில் நின்றார். விற்பனைக்காரர் நோட்டைக் காட்டினார். அந்த அம்மா அவருடைய அப்பா, தாத்தா எல்லாரையும் இழுத்து நாலு வார்த்தை சொல்லிவிட்டு, இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து பாதியை எடுத்து வைத்தார். மீதி சாயங்காலம். அவரும் தலையாட்டி, அடுத்த குவியலில் அந்த அம்மாவின் பெயரை எழுதினார். பெரிய வியாபாரி ஒருவர் இதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அவருக்கும் பாக்கி இருந்தது என்பது அடுத்த பக்கத்தைப் புரட்டும்போது எனக்கே தெரிந்தது.

இரண்டு வள்ளங்களுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில், மூன்று நாளாகச் சுமந்த கேள்வியைக் கேட்டேன். "தம்பி, உங்க சங்கம் சமூகப் பொறுப்புன்னு என்னென்ன செய்யுது?"

அவர் என் வீங்கின காதை ஒரு கணம் பார்த்தார். "அதெல்லாம் பொதுக்குழுவுல வாசிப்பாங்கம்மா. அச்சடிச்சே தருவாங்க. இப்பம் வள்ளம் வருது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். அலை வந்து செருப்பை நனைத்தது. அரைக் கிலோ கணவாய் 150 ரூபாய்க்கு வாங்கி மைனியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "சுத்தம் பண்ணத் தெரியுமா மைனி?" என்றாள். தெரியாது. கொல்லையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். ராத்திரி ரயிலில் ஏறும்போதும் விரலில் மை இருந்தது.